கல்லில் ஏறாத குதிரை

ஒரு சாதி தனக்கென்று ஒரு மன்னனைக் கண்டுபிடித்துக்கொண்டதும் செய்கிற முதல் காரியம் அவனைக் குதிரைமேல் ஏற்றுவது. படம் எழுதுகிற ஓவியருக்கு அந்த மன்னனின் முகம் தெரியாது. யாருக்குமே தெரியாது. அதனால் என்ன? முறுக்கிய மீசை, உருவிய வாள், முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி நிற்கிற வெள்ளைக் குதிரை. மன்னன் தயார். பிறந்தநாள், நினைவுநாள், குருபூசை என்று சாதிச் சங்கங்கள் கடந்த முப்பது வருஷமாக ஒட்டிவருகிற சுவரொட்டிகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். மன்னர்களின் பெயர் மாறும், கொடியின் நிறம் மாறும், குதிரை மட்டும் அதே குதிரை. சில ஊர்களில் ஊர்வலத்துக்கு நிஜக் குதிரையே வாடகைக்கு வந்துவிடுகிறது. முந்தின நாள் கல்யாண மாப்பிள்ளையைச் சுமந்த குதிரை, கழுத்துச் சலங்கையைக்கூடக் கழற்றாமல், மறுநாள் ராஜவேஷம் கட்டிய பையனைச் சுமக்கும். வேட்டுச் சத்தத்தில் மிரளும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற குதிரைக்காரரைப் புகைப்படக்காரர்கள் ஓரமாக ஒதுங்கச் சொல்லுவார்கள்.

கேலி பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'நாங்களும் ஆண்டவங்கதான்' என்கிற வாக்கியத்தைப் படமாக வரைந்தால் அது குதிரையாகத்தான் வரும். 'ஆண்ட பரம்பரை' என்கிற சொல்லாடலுக்கு நான்கு கால்கள் உண்டு. நடந்து போனவனை மூதாதையாகக் கொண்டாட ஏன் யாருக்கும் மனசு வருவதில்லை, நம் முன்னோர் தங்கள் நினைவுச் சின்னங்களில் குதிரையை எங்கே வைத்தார்கள் என்கிற கேள்விகள்தான் எனக்கு முக்கியம். அதைக் கேட்பதற்கு நான் தேர்ந்துகொண்ட நிலம் தருமபுரி வட்டாரம். குறிப்பாகச் சொன்னால், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிற இண்டூர்ப் பக்கம். சங்க காலத்தில் இது அதியமானின் தகடூர் நாடு. திப்பு சுல்தான் காலத்திலும் அதற்குப் பிறகும் பாராமகால். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கிற நிலங்களில் ஒன்று. நினைவுகூர்தல் என்கிற காரியத்தை இந்த மண் ஆயிரத்து ஐந்நூறு வருஷமாகக் கல்லில் செய்து வந்திருக்கிறது. ஆகவே இங்கே கேட்டால் பதில் கிடைக்கும்.

நடுகற்களைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இலக்கணம். தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வரிசைப்படுத்துகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவனுக்கு நட்ட கல்லையும், அதற்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வைத்ததையும் ஔவையார் பாடியிருக்கிறார் (புறநானூறு 232). மலையையே கொடுத்தாலும் வாங்காத மனுஷன் இந்தத் துளிக் கள்ளையா வாங்கப்போகிறான் என்கிற தோரணையில் போகும் அந்தக் கையறுநிலை. இந்த அஞ்சி வெறும் பாட்டுடைத் தலைவன் அல்ல. 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் அவன் பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. சரி, தகடூர்ச் சாமானியனின் கல் எப்படி இருக்கிறது? இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் (1972), தருமபுரிக் கல்வெட்டுகள் (1975) ஆகிய தொகுதிகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது ஒரே கதை. மாடு போயிற்று. மீட்கப் போனான். செத்தான். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. தொறுவை மீட்கப் போய்ப் பட்டவன் கல்லில் வில்லோடும் குறுவாளோடும் நிற்கிறான். பெரும்பாலான பழைய கற்களில் அவன் நிற்கத்தான் செய்கிறான். காலை அகட்டி, தரையில். குதிரை இல்லை.

இந்தக் கற்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் இன்று 'நடுகல்' என்று சொல்வதில்லை. அது நம்மைப் போன்ற படித்தவர்களின் வார்த்தை. அவர்களுக்கு அது வேடியப்பன். மாட்டுக்காகச் செத்தவனின் பெயரும் அவன் தலைவனின் பெயரும் வட்டெழுத்துக்குள் போய் ஒளிந்துகொண்டுவிட்டன, படிக்க ஆளில்லை. ஆனால் பொங்கல் வைப்பது நிற்கவில்லை. இண்டூர்ப் பக்கம் ஒரு வேடியப்பன் கோயிலில் (கோயில் என்பது ஒரு புளியமரமும் நாலு கல்லும்தான்) பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கல்லில் வில்லோடு ஒருவன். அவன் முன்னால் வேண்டுதலுக்கு வைத்த மண்குதிரைகள் வெயிலில் உதிர்ந்துகொண்டிருந்தன.

"கல்லுல இருக்கறது யாருங்கய்யா?"

"வேடியப்பன்."

"குதிரை யாருதுங்க?"

"சாமிதுதான். ராத்திரிக்குக் காவலுக்குப் போவணுமில்ல."

"குதிரைக்குப் பேரு ஏதாச்சும் உண்டுங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "குதிரைக்கு என்னாத்துக்குங்க பேரு? பேரு எங்க மாட்டுக்குத்தான்."

இந்தப் பதிலை ஒரு வரலாற்று ஆவணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சாமிக்குக் குதிரை வேண்டும், ஏனென்றால் சாமிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பெயர் வைக்கிற உறவு வேறு. அது கூடவே உழைக்கிற, ஒரே தொழுவத்தில் கிடக்கிற பிராணிக்குத்தான். பழைய கற்களும் இதையே சொல்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் போரிட்டுச் செத்தான். எருமைகளுக்காக, கவனியுங்கள், பசுவுக்காக அல்ல. நமது தமிழாசிரியர்கள் 'ஆநிரை கவர்தல்' என்று புனிதமாகச் சொல்லும்போது இந்த எருமைகள் மந்தையிலிருந்து காணாமல் போய்விடும். அந்தக் கல்லில் அவனுக்குப் பின்னால் அவன் நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்து, செத்தவனைக் காத்து நின்றதாகக் கல் தனியாகச் சொல்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கே கல் இருக்கிறது. எந்தச் சேரியின் கோழி என்பதுகூடப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தளூரில் இன்னொரு கோழிக்குப் பொற்கொற்றி என்று பெயர். ராஜாக்களுக்கு மெய்க்கீர்த்தி எழுத ஆரம்பிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் கோழிக்கு மெய்க்கீர்த்தி எழுதிவிட்டார்கள்.

பிற்காலத்து நடுகற்களில் குதிரை வரத்தான் செய்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துக் கற்களில் ஈட்டியோடு குதிரைமேல் வருகிற வீரர்களைப் பார்க்கலாம். ஆனால் நான் படித்த நடுகல் வாசகங்களில் ஒன்றில்கூடக் குதிரையின் பெயர் இல்லை. நாய்க்கும் கோழிக்கும் கிடைத்தது குதிரைக்குக் கிடைக்கவில்லை. கல்லில் அது ஏறினாலும் வாகனமாகத்தான் ஏறியது.

அப்படியானால் தமிழில் குதிரைக்குப் பெயரே இல்லையா என்றால் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது. அதுவும் விசித்திரமான முறையில். கொல்லிமலை ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. திருக்கோவலூர் மலையமான் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இந்த இருவரும் மோதியதைச் சொல்லும்போது ஆளையும் குதிரையையும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நிறுத்துகிறது. காரி என்றால் கறுப்பு, ஓரி என்றால் பிடரிமயிர் என்று அகராதி பொருள் சொல்லும். இரண்டுமே மனுஷனைவிடக் குதிரைக்குத்தான் பொருந்துகிற பெயர்கள். தலைவன் பெயரைக் குதிரைக்கு வைத்தார்களா, குதிரையின் பெயரைத் தலைவனுக்கு வைத்தார்களா? உரையாசிரியர்கள் இதை ஒரு பெருமையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், குதிரை வைத்திருப்பதே ஒருவனை இனக்குழுவின் மற்ற ஆட்களிடமிருந்து பிரித்துக் காட்டிய காலத்தின் தடயம் இது. ஊரில் ஒரே ஒரு குதிரை இருக்கும்போது அதை வைத்திருப்பவன் 'குதிரைக்காரன்' ஆகிவிடுகிறான். குதிரையின் பெயரே அவன் பட்டம்.

அதே ஓரியை வன்பரணர் காட்டில் பார்க்கிறார் (புறம் 152). அங்கே குதிரை கிடையாது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துப் போகிற ஒரு வேட்டுவன். யார் என்று தெரியாமலே பாணர்கள் அவன் முன்னால் பாடுகிறார்கள். கொல்லிமலைச் செம்மேட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடக்கிறது. பல சமூகத்தார் தங்கள் தங்கள் சங்கத்தின் பெயரில் வந்து மாலை போடுகிறார்கள். எல்லோருக்கும் அவன் மூதாதை. ஆனால் யார் அச்சடித்த படத்திலும் அந்த உடும்பு வேட்டைக்காரனை நான் பார்த்ததில்லை. அதே ஆடிப் பதினெட்டில் சங்ககிரியில் தீரன் சின்னமலைக்கு அஞ்சலி. 1805இல் அங்கே தூக்கிலிடப்பட்ட அவர் சென்னை கிண்டியில் குதிரைமேல் இருக்கிறார். பதினெட்டாம் பெருக்கு என்றால் எங்கள் பக்கத்து ஜனம் ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போகும். பஸ்ஸில்தான்.

சங்கப் புலவர்கள் குதிரையை வெறும் அந்தஸ்தாக மட்டும் பார்த்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'குதிரை மறம்' என்றே ஒரு துறை உண்டு. எருமை வெளியனாரின் பாட்டில் (புறம் 273) ஒரு பெண் காத்திருக்கிறாள். எல்லாருடைய குதிரையும் திரும்பிவிட்டது, அவள் வீட்டுக் குதிரை மட்டும் வரவில்லை. கணவன் செத்தானா என்று அவள் கேட்கவில்லை, குதிரையைத்தான் கேட்கிறாள். போருக்குப் போனவனின் சாவை இப்படிச் சொன்ன பாட்டு வேறு எங்காவது இருக்கிறதா என்று நான் தேடியிருக்கிறேன். பொன்முடியாரின் பாட்டு (புறம் 299) இன்னும் கூர்மையானது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உளுந்துச் சக்கையைத் தின்று நடை தளர்ந்தது. அது கடலைக் கிழிக்கிற தோணி மாதிரி எதிரிப் படைக்குள் பாய்கிறது. நெய்ச்சோறு தின்ற பெருவேந்தனின் குதிரைகளோ முருகன் கோயிலில் பாத்திரத்தைத் தொடக்கூடாத நாட்களில் ஒதுங்கி நிற்கிற பெண்களைப் போல ஒடுங்கி நிற்கின்றன. உவமையில் இருக்கிற ஆணாதிக்கத்தைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் சக்கை தின்ற குதிரைக்கும் நெய் தின்ற குதிரைக்கும் இடையிலான இந்தப் பிளவு, சீறூருக்கும் பேரரசுக்கும் இடையிலான பிளவு. பொன்முடியார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை.

நெய் தின்ற குதிரைதான் கடைசியில் ஜெயித்தது. குதிரை இந்த மண்ணில் நன்றாகப் பெருகிய பிராணி அல்ல. கப்பலில் வந்தது. பட்டினப்பாலையே காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குகளில் கடல்வழி வந்த குதிரைகளைச் சேர்த்துச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ சொல்வதை நம்பினால், அரசன் வருஷத்துக்கு 2000 குதிரைகளுக்குமேல் வாங்கினான், அவன் சகோதரர்களும் அப்படியே. வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சாது. வளர்க்கத் தெரியாது. குதிரைக்கு வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள். லாடம் கட்டி வைத்தியம் பார்க்கிற ஆட்களை வியாபாரிகள் வேண்டுமென்றே கூட்டிவரவில்லை, குதிரை செத்தால்தான் அடுத்த வருஷம் வியாபாரம். மக்களிடம் வசூலித்த வரி குதிரையாக மாறிக் குதிரை குப்பையாக மாறுகிற இந்தச் சுழற்சியை மாணிக்கவாசகர் கதையோடு சேர்த்துப் படியுங்கள். அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அமைச்சர் கோயில் கட்டச் செலவழித்துவிடுகிறார். கடவுள் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வருகிறார், ராத்திரியானதும் அவை மறுபடி நரிகளாகிவிடுகின்றன. பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், லாயத்தில் விடிவதற்குள் காணாமல் போகிற கஜானாவைப் பற்றிய கதை அது. அந்தக் கதையில் சிவனே குதிரை வியாபாரி வேஷத்தில்தான் வருகிறார். குதிரை வீரனைக் குறிக்கிற 'ராவுத்தர்' என்ற சொல் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவினருக்குப் பெயராயிற்று. அருணகிரிநாதருக்கு முருகனையே ராவுத்தன் என்று கூப்பிட முடிந்திருக்கிறது. இன்றைக்குக் குதிரை ஏறிய மன்னர்களின் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது உவப்பாக இருக்கும்?

தருமபுரிக்குத் திரும்புவோம். இங்கே குடியானவனுக்குக் குதிரை என்றால் என்ன? ஊருக்குள் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் அது கொள்ளையாக இருக்கும், இல்லாவிட்டால் வசூலாக இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்ததில்லை. குதிரையோடு அவன் பகிர்ந்துகொண்டது ஒன்றே ஒன்று: கொள்ளு. இண்டூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை ஏமாற்றினாலும் விளைகிற தானியம். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயரே குதிரைத் தானியம் என்கிற பொருளில்தான். கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று வைத்தியம் பேசுகிற பழமொழி, இளைத்தவன் வீட்டிலும் கொள்ளுதான் வெந்தது என்பதைச் சொல்லாது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி பாராமகால் கும்பெனி கைக்கு வந்தது. கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பக்கம் இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். ரயத்துவாரி என்று பின்னால் மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு ஒத்திகை இங்கேதான் நடந்தது. வயலை அளந்து, குடியானவனைத் தனித்தனியாகப் பேர் எழுதி, அவனவன் தலையில் அவனவன் வரியைக் கட்டுவது. அதற்குக் காடுமேடெல்லாம் குதிரையில் சுற்றினார்கள். மன்றோ நல்ல மனுஷர் என்று பெயர் வாங்கியவர். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் செத்தார். சென்னையில் பொதுச் சந்தா திரட்டிச் சிலை செய்யக் கொடுத்தார்கள். லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி வார்த்தது. 1839 முதல் தீவுத்திடல் அருகே நிற்கிறது.

அந்தச் சிலையின் குதிரைக்குச் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. சிற்பி மறந்துவிட்டார், தெரிந்ததும் தற்கொலை செய்துகொண்டார் என்று சென்னையில் ஒரு கதை உலவும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அதே சான்ட்ரி லண்டனில் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் குதிரை வெறும் முதுகோடுதான் நிற்கிறது. அது ஒரு பாணி. ஆனால் இந்தக் கதை ஏன் பிறந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய மனிதனைக் குதிரைமேல் பார்க்கிற ஜனம் கண்ணைக் குதிரைமேல் வைத்து, அதில் குறையைக் கண்டுபிடித்து, அந்தக் குறைக்கு ஓர் உயிரைப் பலி கேட்கிற கதையாகவும் ஆக்கிவிட்டது. ஆள்கிறவனின் நினைவுச் சின்னத்தைச் சாமானியன் வாசிக்கிற முறை இது. நம் சாதிச் சங்கத்துச் சுவரொட்டிகளின் மன்னர்கள் உட்கார்ந்திருப்பது அதியமானின் குதிரையிலா மன்றோவின் குதிரையிலா? இரண்டாவது என்பதுதான் என் வாதம். குதிரை ஏறிய வெண்கல மனிதன் என்கிற வடிவம் நமக்குக் காலனியத்தோடு வந்தது. வரி வாங்கினவன் உட்கார்ந்த பாவனையில், வரி கொடுத்தவன் தன் பாட்டனை உட்கார வைத்துப் பார்க்கிறான். வேடியப்பன் கல்லில் காலை அகட்டித் தரையில் நிற்கிறவன், எருமைக்காகச் செத்தவன், அவனுக்குப் போதாதவனாகிவிட்டான்.

இதில் வெறும் ரசனை சம்பந்தப்பட்டிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. குதிரைமேல் யார் ஏறலாம் என்பது இன்றும் ரத்தம் சிந்துகிற கேள்வி. வட மாநிலங்களில் தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் வந்ததற்காகக் கல்லெறி வாங்குவதும், போலீஸ் காவலோடு கல்யாணம் நடப்பதும் ஆண்டுதோறும் வருகிற செய்தி. 2018 மார்ச் கடைசியில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். குதிரை வாங்கி ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் குதிரைக்குப் பதில் சைக்கிள், செருப்பு, தோளில் துண்டு என்று இருந்தது, அவ்வளவுதான். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் வீடுகள் எரிந்தபோது மோட்டார் சைக்கிள்களும் எரிந்தன. 'ஆண்ட பரம்பரை'க் குதிரை சுவரொட்டியில் நிற்கிறவரை சாது. அது இறங்கி வருகிற பாதையில் இன்னொருவன் ஏறக்கூடாது என்கிற விதியோடுதான் வருகிறது. எல்லாரும் அவரவர் மன்னனைக் குதிரையில் ஏற்றிவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. எல்லாரும் குதிரையில் இருந்தால் கயிற்றைப் பிடிப்பவன் யார்?

குதிரையைக் குதிரையாகவே நினைவில் வைத்த ஓர் இடம் தமிழ்நாட்டில் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் என் வாதம் முழுமையாகாது. செஞ்சி. தேசிங்கு ராஜன் என்று நாம் சொல்கிற தேஜ்சிங், புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரன். அந்த வழியில் வந்தவர்கள் பொந்தில் என்கிற பெயரில் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அப்பா ஸ்வரூப்சிங் மொகலாயர்களின் கீழ் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவர். அவர் இறந்ததும் 1714இல் மகன் கோட்டையை எடுத்துக்கொள்கிறான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் பாக்கி வரியைக் கேட்கிறான். அவுரங்கசீப் கொடுத்த பர்மானைக் காட்டினால், புது பாதுஷா வந்தால் புதுப் பர்மான் வேண்டும் என்கிறான். ஆக, அடிப்படையில் ஒரு வரி பாக்கித் தகராறு. 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டை. தேசிங்கு சாகிறான். ஆண்டது பத்து மாதம். சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாற்றில் இதெல்லாம் நிதானமாக இருக்கிறது.

பத்து மாதம் ஆண்ட, தமிழ் பேசாத ஓர் இளைஞன் ஏன் முந்நூறு வருஷமாகத் தமிழ்நாட்டுத் தெருவில் பாடப்படுகிறான்? கதைப்பாடலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது பாதிக்குமேல் குதிரையின் கதை. டில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரை இருக்கிறது. அடக்க முடியாமல் தேரணிராஜன் சிறையில் கிடக்கிறான். பையன் தேசிங்கு போய் அடக்குகிறான், அப்பாவை மீட்கிறான், குதிரையையும் பெண்ணையும் ஒரே நாளில் பெறுகிறான். குதிரையின் பெயர் பாராசாரி. அவனுடைய முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரன் தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வருகிறான். அவன் குதிரை நீலவேணி. நாளடைவில் ஜனங்கள் வாயில் நீலவேணியே தேசிங்கின் குதிரையாகிவிட்டது, இரண்டு நண்பர்களின் குதிரைகளும் ஒன்றாகிவிட்டன. 1960இல் எம்.ஜி.ஆர். 'ராஜா தேசிங்கு'வில் நடித்தபோது கதை இன்னும் பரவியது. வரலாற்றாசிரியன் வரி பாக்கியைத் தேடுகிற இடத்தில் பாடகன் குதிரையைத் தேடுகிறான். யார் சொன்னது சரி என்று என்னைக் கேட்டால், வரி பாக்கியைச் சொன்னவர்தான் சரி என்பேன். ஆனால் பாட்டுக்காரன் சொன்னதைத்தான் ஊர் பாதுகாத்தது. மற்றவர் பாட்டில் குதிரை மன்னனை உயர்த்திக் காட்டும். இங்கே மன்னன் யாரென்று தெரிவதே குதிரையை அவன் தொட்ட விதத்தில்தான்.

தேசிங்கைச் செஞ்சிக் கோட்டையில் செட்டிகுளத்தின் கரையில் எரித்தார்கள். சின்ன வயசு ராணியும் அந்த நெருப்பில் ஏறினாள், ஏற்றப்பட்டாள் என்றும் சொல்லலாம். நவாப் அவள் நினைவாக ராணிப்பேட்டை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தான் என்பது மரபு. குதிரைக்கும் மோவுத்துக்காரனுக்கும் நெருப்பு கிடையாது, இரண்டு பேரையும் மண் வாங்கிக்கொண்டது. ராஜபுத்திரனின் சடங்கு அவனை அவன் நண்பனிடமிருந்தும் அவன் குதிரையிடமிருந்தும் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கோட்டைக்கு வெளியே, சண்டை நடந்த பக்கம், நீலாம்பூண்டியில் ஒரு முஸ்லிமின் சமாதியும் ஒரு குதிரையின் சமாதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.